ஆறாவது பெண்ணுக்கு ஒற்றை நட்சத்திரம்

“கொலைகாரனுக்கு நாலரை நட்சத்திரம் அக்கா! போன மாதம் எங்கடை ஒவ்வீசைப் பற்றி ஒருத்தன் எழுதினவன், ரண்டுதான் தந்தவன். நாங்கள் தொழிலை மாத்துவமோ?”

றொக்சன் கொம்பியூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.  றொக்சனின் பகிடிக்கெல்லாம் பதில் சொல்லப் புறப்பட்டால் துப்பறிய நேரம் கிடைக்காது என்பதை ஞானாம்பிகை எப்போதோ கண்டுகொண்டிருந்தாள். அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, மற்றவர்களின் பொய்யையும் மெய்யையும் வருடக்கணக்காகத் தன் வாயால் சொல்லிக் களைத்து, பிறகுதான் அவள் இந்தத் தொழிலுக்கு வந்தாள். மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்ஷனில், டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றுக்கு மேலே ஒற்றை அறை. மன்னார்க்காரனான றொக்சன் அவளுக்குச் சாரதி, உதவியாளர், தலையிடி எல்லாம்.

எதிரே இருந்த பெண் சிரிக்கவில்லை. அறைக்குள் நல்ல சூடு இருந்தும் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், மடியில் ஒரு நீளமான மட்டைப் பெட்டியை அணைத்துக்கொண்டு இருந்தாள். பெயர் றொஷினி. வயது பத்தொன்பதோ இருபதோ. தாதியர் படிப்புப் படிக்கிறாள். அந்த நாலரை நட்சத்திரக் கொலைகாரன் கொன்ற ஆறு பெண்களில் ஆறாவது பெண் அவளுடைய தாய்.

“தங்கச்சி, குறை நினைக்காதையும். இவன் வாய் அப்பிடி. நீர் சொல்லும்,” என்றாள் ஞானாம்பிகை.

“சொல்லுறதுக்கு ஒண்டுதான் இருக்கு அன்ரி. என்ரை அம்மாவை என்ரை அப்பாதான் கொன்றவரோ எண்டு எனக்குத் தெரியவேணும்.”

றொக்சன் நாற்காலியைத் திருப்பினான். 

விஷயம் இதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்றி நாலில், மொன்றியலில் ஒருவன் ஹீற்றர் பார்க்க வந்தவன் என்று சொல்லிக் கதவு தட்டி, வீட்டில் தனியாக இருந்த பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றான். பேப்பர்காரர் அவனுக்கு ‘ஹீற்றர்காரன்’ என்று பெயர் வைத்தார்கள். லாசாலில் இருந்த செலீன் ஆறாவது. பிடிபட்டபோது ஆறையும் ஒப்புக்கொண்டவன், சிறையிலேயே செத்தும் போனான். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

இந்த வருடம் ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர் ஒருவர் அவனைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் புத்தகம் போட்டார். ‘ஆறாம் வீட்டுக் கதவு’ என்று பெயர். கடைசி அத்தியாயத்தின் தலைப்பு, ‘இரண்டாவது கை’. செலீனின் கால் பெருவிரல் இரண்டும் ஒரு வெள்ளை ரிப்பனால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. மற்ற ஐந்து பெண்களுக்கும் அப்படி இல்லை. விரலைப் பற்றிக் கேட்டபோது ஹீற்றர்காரனே, “அது எனக்குத் தெரியாது,” என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் கட்டியது யார்? கணவன் யோசெப் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததற்கும் பொலிசைக் கூப்பிட்டதற்கும் இடையில் ஒரு மணித்தியாலம் போல ஏன் கணக்கில் வரவில்லை? கேள்விகளைக் கேட்டுவிட்டு ஆசிரியர் நழுவிவிட்டார். பதிலை வாசகர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இணையப் புத்தகக் கடையில் அந்தப் புத்தகத்துக்குக் கீழே வாசகர் கருத்துகள் நீண்டுகொண்டே போயின. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி.

“வாசி,” என்றாள் ஞானாம்பிகை.

றொக்சன் பிரெஞ்சைத் தமிழாக்கி வாசித்தான். “‘கையில் எடுத்தால் வைக்க முடியாது. விரல் கட்டும் காட்சியில் புல்லரித்தது.’ அஞ்சு நட்சத்திரம். ‘அந்த ரிப்பன் ஒரு பிசாசின் கையெழுத்து. படமாக எடுக்கலாம்.’ அஞ்சு. ‘அட்டை மடங்கி வந்தது.’ ரண்டு. மனுசி செத்துக் கிடக்கு, இவருக்கு அட்டை மடங்கினதுதான் கவலை.” அவன் கொஞ்சம் நிறுத்தினான். “இது எங்கடை ஆள் ஒருத்தர் போல. ‘எங்கள் தமிழ் ஊர்களில் செத்தவர்களின் கால் விரலைக் கட்டுகிற வழக்கம் உண்டு. போய்க் கணவனைக் கேளுங்கள்.’ நாலு நட்சத்திரம். நூற்றுச் சொச்சம் பேருக்கு இந்தக் கருத்து உதவியதாம்.”

“அதுக்குப் பிறகு தமிழ்ப் பூசையிலை அப்பா இருக்கிற வாங்கிலை ஒருத்தரும் இருக்கிறேல்லை,” என்றாள் றொஷினி. “நான் அவருக்காக எல்லாரோடையும் சண்டை பிடிச்சனான். இதைக் காணும் மட்டும்.”

அவள் காட்டிய கருத்துக்கு ஒற்றை நட்சத்திரம். எழுதியவர் பெயர் ‘நீர்க்காகம்’.

‘கடைசி அத்தியாயம் பொய். அந்த ரிப்பன் முதல் நன்மை மெழுகுதிரியில் இருந்தது. அதைக் கட்டியது பிசாசு அல்ல. அவமதிக்கவும் இல்லை. அவளை நிம்மதியாக விடுங்கள். நன்றி.’

றொஷினி மடியில் இருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே பழுப்பேறிய ஒரு மெழுகுதிரியும் ஒரு படமும். படத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஏழு வயதுப் பிள்ளை, முன்பல் இரண்டும் இல்லாமல், அதே மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. திரியின் நடுவில் அகலமான வெள்ளை ரிப்பன். பெட்டியில் இருந்த திரியில் அது இல்லை.

“அம்மா சாகிறதுக்கு ரண்டு கிழமைக்கு முன்னந்தான் எனக்கு முதல் நன்மை, கோயிலிலை முதல்முதலா நற்கருணை வாங்கினனான். புத்தகத்திலை ‘வெள்ளை ரிப்பன்’ எண்டு மட்டுந்தான் இருக்கு. எங்கை இருந்து கழட்டினது எண்டு அந்த நேரம் எங்கடை வீட்டுக்குள்ளை நிண்ட ஆளுக்குத்தானே தெரியும்? இதை வாசிச்ச அண்டைக்கே வீட்டை விட்டு வந்திட்டன். ரண்டு கிழமையாக் கர்க்லாண்டிலை ஒரு சிநேகிதி வீட்டிலை இருக்கிறன். திங்கட்கிழமை பொலிசுக்குப் போகப்போறன். அதுக்கு முதல் இந்த நீர்க்காகம் ஆர் எண்டு சொல்லுங்கோ.”

அன்று சனிக்கிழமை.

ஞானாம்பிகை எழுந்து போய்த் திரைக்கு முன்னால் குனிந்தாள். “றொக்சன், அந்தப் பேரை அமத்து. இந்த ஆள் வேற என்னத்துக்குக் கருத்துச் சொல்லியிருக்கிறார் எண்டு பாப்பம்.”

பெயரை அமத்தியதும் ஒரு பட்டியல் விரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நீர்க்காகமும் அதற்கு விலக்கில்லை. வாங்கிய சாமான் ஒவ்வொன்றுக்கும் வரிந்து கட்டிக்கொண்டு எழுதியிருந்தார்.

இரும்பு நுனி வைத்த வேலைச் சப்பாத்து, ஐந்து நட்சத்திரம்: ‘கப்பலடியில் நாள் முழுக்க நின்றாலும் விரல் விறைக்காது. நன்றி.’

பெண்பிள்ளைகளுக்குத் தலை பின்னும் முறைகள் என்றொரு புத்தகம், மூன்று: ‘படங்கள் தெளிவு. நாலாவது பின்னல் எனக்கு வரவில்லை. பிள்ளை பாட்டுக்குழுவுக்கு விரித்த தலையோடு போனா. பிழை என்னுடையது. நன்றி.’

தாதியர் பாடப்புத்தகம், நாலு: ‘நல்ல புத்தகம், ஆனால் கனம். பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏறுகிறா. இரண்டு பாகமாகப் போட்டால் உதவி. நன்றி.’

“கடைக்காரன் ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ எண்டு சும்மா ஒரு ஈமெயில் அனுப்புவான்,” என்றான் றொக்சன். “இந்த மனுசன் அதைக் கடிதம் எண்டு நினைச்சு மரியாதையாப் பதில் போட்டிருக்கிறார்.”

றொஷினிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. “அண்டைக்கு விரிச்ச தலையோடை போனது நான்தான். ஆராவது கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கிறது மரியாதை இல்லை எண்டு சொல்லுவார். அப்பாதான் அன்ரி. துறைமுகத்திலை கொன்ரெய்னருக்குச் சாமான் கட்டுறவர். என்ரை அப்பாதான்.”

கேஸ் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. வந்த பெண்ணின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, அவள் பயந்த விடையே. ஆனால் ஞானாம்பிகைக்கு மனம் ஒப்பவில்லை. தலை பின்னத் தெரியாததற்கு ஊரறிய மன்னிப்புக் கேட்கிற மனிதன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பானா என்று கேட்டால், நெரிப்பான். அப்படிப்பட்டவர்களையும் அவள் கண்டிருக்கிறாள். நல்லவன் போல இருக்கிறான் என்பதை எந்த நீதிமன்றமும் கேட்காது. அவளை உறுத்தியது வேறு.

றொஷினி கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் புரட்டி, கால்களை மட்டும் காட்டுகிற அந்தப் படத்தை எடுத்தாள். கறுப்பு வெள்ளைப் படம். வெறுங்கால் இரண்டு, பெருவிரல்களைச் சுற்றி ரிப்பன், மேலே இரண்டு காது வைத்த பூ முடிச்சு. அதற்குக் கீழே ஆசிரியர் எழுதியிருந்தார்: ‘உடலில் வேறெந்தக் கட்டும் இல்லை.’

“றொக்சன், எங்கடை செத்தவீடுகளிலை முதல் என்ன கட்டுறவை?”

“வாயை. தாடையைச் சேர்த்துத் தலையோடை கட்டிப்போட்டுத்தான் மற்றது. என்ரை வாயையும் ஒரு நாளைக்குக் கட்டுவினம், அண்டைக்கு நீங்கள்தான் முதல் ஆளா வந்து நிப்பியள்.”

“காரை எடு. லாசாலுக்குப் போறம். வழியிலை ஒரு கடையிலை நிப்பாட்டு, ரிப்பன் வாங்க வேணும்.”

“ஆருக்குப் பிறந்தநாள்?”

ஞானாம்பிகை புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள்.

*

லாசாலில் நவம்பர் மாதத்து வெளிச்சம் நாலு மணிக்கே சாயத் தொடங்கிவிட்டது. றொஷினியைக் காரில் றொக்சனோடு இருத்திவிட்டு ஞானாம்பிகை இரண்டாம் மாடிக்கு ஏறினாள். “நான் கூப்பிடும் மட்டும் வராதையும்,” என்று சொல்லித்தான் போனாள்.

கதவில் மூன்று பூட்டு இருந்தது. மூன்றும் திறந்து கிடந்தன. தட்டக் கை வைத்ததும் கதவு தானே விலகியது.

“பிள்ளையோ?” உள்ளேயிருந்து குரல் ஓடி வந்தது. பின்னால் ஆளும் வந்தார். சின்ன மனிதர், அவருக்குப் பொருந்தாத பெரிய கைகள். ஞானாம்பிகையைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது.

“என்ரை பேர் ஞானாம்பிகை. உங்கடை மகள் என்னட்டை வந்தவ.”

“சாப்பிடுறாவோ?” அதுதான் யோசெப் கேட்ட முதல் கேள்வி. இரண்டாவது, “குளிர்ச்சட்டை கொண்டு போனவவோ?”

“ரண்டுக்கும் ஓம். கதவைப் பூட்டாமல் இருக்கிறியளே?”

“திறப்பை மேசையிலை வைச்சிட்டுப் போட்டா. திரும்பி வந்தால் வெளியிலை நிக்கக்கூடாது.”

அந்த வீட்டில், அந்தக் கதவு வழியாகத்தான் ஒருவன் ஹீற்றர் பார்க்க வந்தான். அப்படிப்பட்ட கதவை அந்த மனிதர் இரண்டு கிழமையாகத் திறந்து வைத்திருக்கிறார்.  தேத்தண்ணி வேண்டுமா என்று அவர் கேட்டார், வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. குசினி மேசையில் இருந்தார்கள். சுவரில் மாதாவின் படம், பக்கத்தில் செலீன். மகளுக்கும் தாய்க்கும் ஒரே நெற்றி.

“நீர்க்காகம் நீங்கள்தானே?”

யோசெப் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

“ரிப்பன் மெழுகுதிரியிலை இருந்தது எண்டு எப்பிடித் தெரியும்?”

“கட்டினது நான்தான். வேற ஆர் கட்டுறது? புருஷன் நான். வேலையாலை வந்தன், விழுந்து கிடந்தா. உயிர் இல்லை. விரலைக் கட்டிப்போட்டுப் பொலிசுக்கு அடிச்சன். அப்ப பயத்திலை சொல்லேல்லை.” ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். எத்தனையோ இரவு மனப்பாடம் செய்தது போல இருந்தது.

ஞானாம்பிகை பையிலிருந்து வெள்ளை ரிப்பனை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு தேக்கரண்டிகளைச் சேர்த்துப் பிடித்தாள்.

“ஒருக்கால் கட்டிக் காட்டுங்கோ.”

அவர் ரிப்பனை எடுத்தார். யோசிக்கவில்லை, கைதான் வேலை செய்தது. இரண்டு சுற்று, நடுவால் ஒரு குறுக்கு, அடியால் நுழைத்து ஒரே இழுவை. கரண்டி இரண்டும் ஒன்றாக ஒட்டிப் போயின. கப்பல் புயலில் ஆடினாலும் அந்தக் கட்டுக் கழலாது.

ஞானாம்பிகை புத்தகத்தைத் திறந்து படத்தைக் கரண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு காது வைத்த பூ முடிச்சு. அவர் அதைப் பார்த்தார், தன் கட்டைப் பார்த்தார். 

“செத்தவீட்டிலை முதல் என்ன கட்டுறது யோசெப் அண்ணை?”

“தாடை,” என்று வந்துவிட்டது.

“அப்ப செலீனுக்கு ஏன் தாடை கட்டேல்லை?”

ஹீற்றர் கடகடத்தது. 

“உங்களுக்குத் தாடை கட்டத் தெரியும். கட்டினவருக்குத் தெரியேல்லை,” என்றாள் ஞானாம்பிகை. வேண்டுமென்றே மெதுவாகத்தான் சொன்னாள். “கட்டின ஆள் செத்தவீடு கண்டிருக்கு, ஆனால் கால்மாட்டிலை நிண்டுதான் கண்டிருக்கு. முகத்தை எட்டிப் பாக்க உயரம் காணாத ஆள். விரல் கட்டினது மட்டுந்தான் அந்தக் கண்ணுக்கு நேரா இருந்திருக்கும். சப்பாத்துக் கயிறு கட்டுற முடிச்சைத் தவிர வேற முடிச்சு அந்தக் கைக்குத் தெரியாது. வீட்டிலை ரிப்பன் எங்கை இருக்கு எண்டு கேட்டால், அதுக்குத் தன்ரை மெழுகுதிரிதான் ஞாபகம் வந்திருக்கும்.”

“சொல்லாதேங்கோ!” யோசெப் அந்தப் பெரிய கைகளால் மேசையைப் பிடித்துக்கொண்டார். “அம்மாவாணைச் சொல்லுறன், அதை வாயாலை சொல்லாதேங்கோ.”

சொல்லத் தேவையிருக்கவில்லை. அவரே சொல்லத் தொடங்கினார்.

பள்ளிக்கூட பஸ் பிள்ளையை வாசலில் இறக்கிவிடும், செலீன் கீழே நின்று கூட்டிக்கொண்டு வருவாள். அன்று அவள் வரவில்லை. பிள்ளை தானே படியேறி வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தால் யோசெப் வேலை முடிந்து வந்தார். கதவு திறந்து கிடந்தது. குசினியில் செலீன், அவளுடைய காலடியில் பிள்ளை சம்மணம் போட்டு இருந்தது.

“ஊரிலை செலீன்ரை தம்பி ஷெல்லடியிலை செத்தவன். இவவுக்கு அப்ப அஞ்சு வயது. மாமான்ரை விரலை ஏன் கட்டியிருக்கு எண்டு கேட்டா. செலீன் சொன்னா, ‘மாமா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து களைச்சுப் போனார், இனி ஓடத் தேவையில்லை, அதுதான் கட்டியிருக்கு’ எண்டு. அண்டைக்கு நான் உள்ளை வர, பிள்ளை என்னை நிமிர்ந்து பாத்துச் சொல்லுறா, ‘அப்பா, அம்மா களைச்சுப் போனா. நான் கட்டிப்போட்டன்’ எண்டு.”

அவர் முகத்தைத் துடைத்தார்.

“அந்த ஹீற்றர்காரனைப் பொலிசு அப்ப பிடிக்கேல்லை, தங்கச்சி. வீட்டுக்குள்ளை ஒரு பிள்ளை நிண்டது எண்டு பேப்பரிலை வந்தால், கண்ட சாட்சி எண்டு திரும்பி வருவான்தானே? பிள்ளையைக் கழுவி, உடுப்பு மாத்தி, கீழ் வீட்டு அக்காட்டைக் குடுத்து, பள்ளிக்கூடம் விட்டது தொடக்கம் உங்களோடைதான் இருந்தவ எண்டு சொல்லுங்கோ எண்டு காலிலை விழுந்தன். அந்த மனுசி சாகும் மட்டும் வாய் திறக்கேல்லை. அந்த ஒரு மணித்தியாலம் அதுதான்.”

“ரிப்பனை அவிழ்த்திருக்கலாமே?”

“கை வைச்சனான். முடியேல்லை. பெத்த தாய்க்குப் பிள்ளை செய்த கடமை, அதை எப்பிடி அவிழ்க்கிறது? விரல் கட்டுறது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம் எண்டுதான் நினைச்சன். செத்தால் ஆரும் கட்டுவினம்தானே எண்டு. வெள்ளைக்காரப் பொலிசு அதைப் படம் எடுக்க எடுக்கத்தான் எனக்கு விளங்கினது, அவைக்கு இது தெரியாது எண்டு.”

ஞானாம்பிகை கண்ணை மூடித் திறந்தாள். இந்த நாட்டில் எத்தனையோ பேருடைய கதையை அவள் மொழிபெயர்த்திருக்கிறாள். இப்படி ஒரு பிழையை, நம்முடைய ஆட்களைத் தவிர வேறு யாரும் விடமுடியாத பிழையை, அவள் கேட்டதில்லை.

“அவன் பிடிபட்ட பிறகாவது சொல்லியிருக்கலாம்.”

“பிள்ளை ரண்டு நாள் காய்ச்சலிலை கிடந்து எழும்பினா. ஒண்டும் ஞாபகம் இல்லை. ‘அம்மா எங்கை’ எண்டு கேட்டா. கடவுளாப் பாத்து அழிச்சதை நான் ஏன் திருப்பி எழுத?”

“இப்ப? கோயிலிலை உங்களைக் கொலைகாரன் எண்டு விலத்தி இருக்கினம். ஒரு வார்த்தை சொன்னால் முடிஞ்சுது.”

“என்னைக் கொலைகாரன் எண்டு எழுதினாங்கள். அதுக்கு நான் ஒரு பதிலும் போடேல்லை. நீங்கள் போய்ப் பாருங்கோ.” யோசெப்பின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “அந்த முடிச்சைப் பிசாசின்ரை கை எண்டு எழுதினாங்கள். ஏழு வயதுப் பிள்ளையின்ரை கை, தங்கச்சி. புல்லரிக்குதாம். படம் எடுக்கலாமாம். அதைத்தான் பொறுக்க முடியேல்லை. அதுக்குத்தான் எழுதினன்.” குரல் மறுபடி இறங்கியது. “மகளுக்கு நான்தான் கட்டினன் எண்டு சொல்லுங்கோ. கொன்றதும் நான்தான் எண்டு அவ நினைச்சாலும் பறவாயில்லை. அந்தக் குசினி மட்டும் அவவுக்கு வரக்கூடாது.”

 உண்மையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவளிடம் ஆட்கள் வருகிறார்கள். கண்டுபிடித்த பிறகு அதை எங்கே வைப்பது என்று எவரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இந்த மனிதர் சொன்னபடி செய்தால் திங்கட்கிழமை மகள் பொலிசுக்குப் போவாள். செய்யாவிட்டால் ஒரு பிள்ளையின் நித்திரையை ஆயுளுக்கும் கெடுத்தவளாவாள். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அவள் வெறுமனே அதைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“அன்ரி.”

இருவரும் திரும்பினார்கள். திறந்து கிடந்த கதவில் றொஷினி நின்றாள், மெழுகுதிரிப் பெட்டி கையில். அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க றொக்சன்.

“மறிச்சனான் அக்கா. கேக்கேல்லை,” என்றான். பிறகு அவர்களுடைய முகங்களைப் பார்த்துவிட்டு வெளிப்படியில் போய் இருந்துகொண்டான்.

எவ்வளவு நேரமாக அவள் அங்கே நின்றாள் என்று கேட்கத் தேவையில்லை. முகத்தில் எழுதியிருந்தது. யோசெப் எழும்பப் பார்த்தார். மகள் வந்து அவருக்கு முன்னால் நிலத்தில், அந்தக் குசினி நிலத்தில், இருந்தாள்.

“எனக்கு இப்பவும் ஒண்டும் ஞாபகம் வரேல்லை அப்பா. எவ்வளவு யோசிச்சாலும் வரேல்லை.”

“வராட்டில் விடு பிள்ளை. வரத் தேவையில்லை.”

“நான் உங்களைச் சந்தேகப்பட்டனான்.”

“சந்தேகம் வரும், போகும். இது வந்தால் போகாது எண்டுதான்...”

அவள் மேசையில் கிடந்த கரண்டிகளை எடுத்து, அவர் கட்டிய கட்டை விரலால் தடவினாள். பக்கத்தில் விரித்துக் கிடந்த படத்தைப் பார்த்தாள். வாசகர்கள் புல்லரித்த அதே படம். நெடுநேரம் பார்த்தாள். தாதியாகப் போகிற பெண், அழாமல்தான் பார்த்தாள்.

“பூ முடிச்சு எனக்கு ஆர் பழக்கினது?”

“அம்மாதான். அந்த மாரியிலை, உன்ரை பனிச் சப்பாத்துக்கு. வாசலிலை இருந்து ரண்டு பேரும் ஒரே சண்டை.”

“அப்பா.” இப்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. “நான் வடிவாக் கட்டினனானோ?”

 பன்னிரண்டு வருடமாக யோசெப் பயந்த கேள்விகளில் இது இருக்கவில்லை. அந்தப் பெரிய கைகளை மகளின் தலையில் வைத்தார்.

“வடிவாத்தான் கட்டினனி பிள்ளை. அவிழ்க்க எனக்கு மனம் வரேல்லை எண்டால் பாரன்.”

ஞானாம்பிகை புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். வெளிப்படியில் இருந்த றொக்சன் எழும்பி அவளுக்கு வழிவிட்டான். வீடு வரும் வரைக்கும் அவன் ஒரு பகிடியும் விடவில்லை, அவளும் அழுததை மறைக்கவில்லை.

*

திங்கட்கிழமை றொஷினி பொலிசுக்குப் போகவில்லை.

மத்தியானம் போல, “அக்கா, இங்கை வாங்கோ,” என்று றொக்சன் கூப்பிட்டான். திரையில் ‘ஆறாம் வீட்டுக் கதவு’. நட்சத்திரம் இன்னும் நாலரைதான். கருத்துகளின் உச்சியில் புதிதாக ஒன்று இருந்தது. புனைபெயர் இல்லை. றொஷினி யோசெப், லாசால் என்று முழுப் பெயரும் போட்டிருந்தது.

‘ஒரு நட்சத்திரம். ஒன்றும் போடாமல் இந்தத் தளம் பதிய விடவில்லை. கடைசி அத்தியாயத்தில் வருகிற இரண்டாவது கை என்னுடையது. அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு அப்படிக் கட்டுவார்கள், களைத்தவர்கள் இனி ஓடாமல் இருக்கட்டும் என்று. எனக்கு அது ஞாபகம் இல்லை. என் அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு வரக்கூடாது என்பதற்காக அதை அவர் தனியாக வைத்திருந்தார். நீங்கள் அவரைக் கொலைகாரன் என்றீர்கள். அப்போதும் அவர் சொல்லவில்லை. நானும் உங்களோடு சேர்ந்து அவரைச் சந்தேகித்தேன். அதை இனி மாற்ற முடியாது. இதையாவது மாற்றி எழுதலாம் என்று எழுதுகிறேன். நன்றி.’

ஞானாம்பிகை இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை கண்ணாடி மங்கிவிட்டது.

கருத்துக்குக் கீழே, மற்ற எல்லாக் கருத்துக்கும் கீழே இருப்பது போல, சின்ன எழுத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தக் கருத்து உங்களுக்கு உதவியதா?

“ஓம் எண்டு அமத்து,” என்றாள்.

றொக்சன் அமத்தப் போனவன் கையை நிறுத்தினான். “எங்களுக்கு முன்னமே ஒருத்தர் அமத்திப்போட்டார் அக்கா. பதிஞ்சு இன்னும் அஞ்சு நிமிசம் ஆகேல்லை.”

கேள்விக்குப் பக்கத்தில் இருந்தது: ஒருவருக்கு உதவியது.

யார் என்று இருவருமே கேட்கவில்லை. ஆராவது கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற மனிதர் லாசாலில் ஒருவர்தான் இருந்தார்.